சால்வை வேண்டாம், ஜமக்காளம் போதும்: சிறார் எழுத்தாளரையும் நூலகரையும் பிள்ளைகளோடு பேச வைப்பது எப்படி

எங்கள் வாசகர் வட்டம் (நூலகத்தோடு சேர்ந்து இயங்குகிற வாசகர் குழு) நடத்திய முதல் எழுத்தாளர் சந்திப்பைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். என்னென்ன செய்யக் கூடாதோ அத்தனையையும் அன்று ஒரே காலையில் செய்து முடித்தோம்.

பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாங்கியிருந்தோம். வாசலில் ஃபிளெக்ஸ், மேடையில் ஒன்பது நாற்காலி, கீழே வெறுந்தரையில் 80 பிள்ளைகள். வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு, நடுவில் பொன்னாடைகள் என்று போய், பேச வந்தவர் மைக்கைப் பிடிக்கும்போது மணி பன்னிரண்டே கால். அவர் பாவம், சிரித்த முகமாகவே எழுந்து வந்து, "என்னோட கதைப் புத்தகத்தை யாரெல்லாம் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். ஒரு கை எழுந்தது. "மிஸ், பாத்ரூம் போகணும்" என்றான் அந்தப் பையன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் அழைப்பிதழ் அனுப்பிய எங்களுக்கு, அவருடைய புத்தகத்தில் ஒரு பிரதியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கத் தோன்றவே இல்லை.

அதற்கப்புறம் கிளை நூலகத்தில் வைத்து இருபது சந்திப்புக்கு மேல் நடத்திவிட்டோம். பாதி நன்றாக வந்தன, சில சுமார், இரண்டு மூன்று சொதப்பல். இதில் கற்றுக்கொண்டதைத்தான், புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் ஆசிரியராகவோ பதிப்பாளராகவோ இருக்க வேண்டியதில்லை. ஒரு நூலகம் நடக்கிற தூரத்தில் இருந்து, ஒரு மாதம் சனிக்கிழமைகளை ஒதுக்க முடிந்தால் போதும்.

முதலில் நூலகரைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் எழுத்தாளருக்குத்தான் போன் போடுவார்கள். நீங்கள் நூலகத்துக்குப் போங்கள். ஒரு வேலை நாளில், காலை பத்தரை மணிவாக்கில் போவது நல்லது. செய்தித்தாள் பார்க்க வருகிற பெரியவர்கள் கிளம்பியிருப்பார்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் மட்டும் மூலையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை, அது தெரியாமல் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு "நம்ம ஊர் நூலகம் திறக்கிறதே இல்லை" என்று திட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறைய.

போகத் தயங்கவும் வேண்டாம். மதராஸ் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் நூலகத்துக்கென்று போட்ட முதல் சட்டம் அதுதான். அதன்படி நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். ஆக அது நம் காசில் நடக்கிற இடம்.

ஆனால் உள்ளே போய் அதிகாரமாக நிற்கக் கூடாது. சிறிய நூலகங்களில் நூலகர் ஒரே ஆள். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பதிவேடு எழுதுவது, உறுப்பினர் சேர்ப்பது, தினசரிகளைக் கட்டி வைப்பது, மழை பெய்தால் ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைப்பது எல்லாம் அவர்தான். "சார், நாங்க ஒரு புரோகிராம் பண்றோம், ஹால் வேணும்" என்று போய் நின்றால், 'நம் தலையில் இன்னொரு வேலை' என்றுதான் அவருக்குப் படும். அதனால் ஒன்றும் கேட்காமல் முதலில் உறுப்பினராகச் சேருங்கள். ஏற்கெனவே உறுப்பினரென்றால் ஒரு புத்தகம் எடுங்கள். அப்புறம் மெதுவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "சிறுவர் புத்தகத்துல எது ரொம்பக் கிழிஞ்சு போயி திரும்பி வருது?"

இந்தக் கேள்விக்கு அலுத்துக்கொண்டு பதில் சொன்ன நூலகரை நான் பார்த்ததில்லை. எங்கள் நூலகர் அக்கா எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். புத்தகம் திரும்பி வரவேண்டிய தேதியை முத்திரை குத்துவார்களே, அந்தத் தாள். ஊதா மையில் வரிசை வரிசையாகத் தேதிகள், இடம் போதாமல் மேலே இன்னொரு தாள் ஒட்டி, அதிலும் பாதி நிரம்பியிருந்தது. முதுகில் காக்கிக் காகிதம் ஒட்டித் தைத்திருந்தார். பக்கத்திலேயே அட்டை பளபளவென்று இன்னொரு புத்தகம், ஏதோ பரிசெல்லாம் வாங்கியது. தாளில் ஒரே ஒரு முத்திரை. "அதுவும் நான் எடுத்துட்டுப் போனதுதான்" என்றார்.

பிள்ளைகள் எதை விரும்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான கணக்கு கிடையாது. விருது பட்டியல், பத்திரிகை மதிப்புரை எல்லாம் பெரியவர்கள் பெரியவர்களுக்குச் சொல்வது.

இவ்வளவு தெரிந்த ஒருவரை நாற்காலி எடுத்துப் போடவும் டீ வாங்கி வரச் சொல்லவும் மட்டும் பயன்படுத்துகிறோமே, அதுதான் நம் சந்திப்புகளில் எனக்குப் பெரிய குறை. எழுத்தாளருக்கு அவர் எழுதிய நான்கைந்து புத்தகங்களைப் பற்றித் தெரியும், எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போகிறது என்பது நூலகருக்குத்தான் தெரியும். நூலகத் துறை முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார் அல்லவா, அதில் இரண்டு இது: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இந்த ஜோடி சேர்க்கிற வேலையை நாள் முழுக்கப் பார்க்கிறவரை மேடைக்குப் பின்னால் நிற்க வைக்கலாமா? அதனால் உங்கள் சந்திப்புக்கு இரண்டு விருந்தினர் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். எழுத்தாளர் ஒருவர், உங்கள் ஊர் நூலகர் ஒருவர். நூலகர் கூச்சப்பட்டு "எனக்கெல்லாம் பேச வராதுங்க" என்பார். பேச வேண்டாம், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்று சொல்லுங்கள்.

அனுமதி விஷயம்: பெரும்பாலும் வாசகர் வட்டத்தின் பெயரில் நடத்தினால் சிக்கல் இல்லை. வட்டம் பேருக்கு மட்டும் இருந்தால் நீங்களே சேர்ந்துகொண்டு உயிர் கொடுங்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் போட வேண்டுமா என்று நூலகரிடமே கேளுங்கள், வேண்டுமென்றால் அவர் சொல்கிறபடி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவரைத் தாண்டி மேலிடத்துக்கு நேராகப் போகாதீர்கள், உறவே கெட்டுவிடும்.

யாரைக் கூப்பிடுவது

பெரிய பெயராகத் தேட வேண்டாம், பக்கத்து ஊர்க்காரராகத் தேடுங்கள். தமிழில் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களில் முழுநேர எழுத்தாளர் என்று யாரும் அநேகமாகக் கிடையாது. எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவே இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். இரா. நடராசன் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். உதயசங்கர் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியும். ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டுகிற ஆள் கதையும் எழுதுவாரா என்று ஒரு பெண் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். நமக்கு இதில் உள்ள பாடம் வேறு: வேலை நாளில் கூப்பிட்டால் அவர்களால் லீவு போட்டுத்தான் வர முடியும்.

எங்கே தேடுவது என்றால், சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் கொடுக்கிறது, தமிழில் வாங்கியவர்கள் பட்டியல் எளிதாகக் கிடைக்கும். அது ஒரு தொடக்கம். தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, அவர்களிடம் உங்கள் மாவட்டத்தில் யார் என்று கேட்கலாம். இதைவிட எளிது, நூலகத்தின் சிறுவர் அலமாரியில் உள்ள புத்தகங்களின் இரண்டாம் பக்கத்தைத் திருப்புவது. நம் ஊர்ப் புத்தகங்களில் பதிப்பு விவரம் போடுகிற அந்தப் பக்கத்தில் பதிப்பகத்தின் போன் நம்பர் தவறாமல் இருக்கும், பல நேரம் எழுத்தாளருடைய ஊரும் இருக்கும். பதிப்பகத்துக்குப் பேசி, இன்ன காரணம் என்று சொன்னால் கேட்டுவிட்டுத் தொடர்பு கொடுப்பார்கள்.

எழுதுகிறவர் மட்டும்தான் என்றில்லை. படம் வரைகிறவரைக் கூப்பிட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகள் அவரை வீட்டுக்கு விடமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளரும் நல்ல தேர்வு. யூமா வாசுகி மலையாளத்திலிருந்து சிறார் நூல்களை எத்தனையோ கொண்டுவந்திருக்கிறார். ஒரு மொழியில் சிரிப்பு வருகிற வரி இன்னொரு மொழியில் ஏன் வரவில்லை என்று பேச ஆரம்பித்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும்.

போனில் பேசும்போது முதல் வாக்கியம், "உங்களோட இன்ன கதையைப் படிச்சேங்க" என்று இருக்கட்டும், அதற்காகவாவது நிஜமாகவே படித்துவிடுங்கள். அப்புறம் எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எவ்வளவு நேரம், சொற்பொழிவு கிடையாது உரையாடல் மட்டும்தான் என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், வருகிறவர் 'வாசிப்பின் அவசியம்' என்று 40 நிமிட உரை ஒன்றைத் தயாரித்துக்கொண்டு வந்துவிடுவார். "செல்போனைத் தள்ளி வை, டிவியை அணை, புத்தகத்தை எடு" என்று போகிற அந்த உரையைப் பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கிறார்கள். புத்தகத்தை மருந்து மாதிரி ஆக்குகிற பேச்சு அது. கசப்பு என்று முன்னாலேயே சொல்லிவிட்டு யாரைக் குடிக்க வைக்க முடியும்?

பணம்

கொடுங்கள். இதைத் தனித் தலைப்பாகப் போட வேண்டியிருப்பதே சங்கடம்தான். பயணச் செலவு, வரும் வழியில் சாப்பாடு, அதற்கு மேல் உங்களால் முடிந்த ஒரு தொகை, உறையில் போட்டு, அன்றைக்கே. சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஃபிளெக்ஸுக்கும் ஆகிற காசைச் சேர்த்தாலே இது வந்துவிடும். ஒரு எழுத்தாளர் வீட்டில் மடித்து அடுக்கியிருந்த பொன்னாடைகளைப் பார்த்திருக்கிறேன், அவருடைய அம்மா அவற்றைத் தலையணை உறையாகத் தைத்துக்கொண்டிருந்தார். ஊரில் யாராவது உதவி செய்கிறேன் என்று முன்வந்தால், 1,000 ரூபாய் கட்டி நூலகத்துக்குப் புரவலராகச் சேரச் சொல்லுங்கள், அல்லது புத்தகப் பிரதிகள் வாங்கித் தரச் சொல்லுங்கள். பலகையில் பெயரும் ஏறும், அவருக்கும் சந்தோஷம்.

பிள்ளைகள் கையில் புத்தகம்

இதுதான் மொத்த விஷயமும். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், இது இல்லையென்றால் சந்திப்பைத் தள்ளிப் போடுங்கள்.

நான்கு வாரம் முன்னால் ஆரம்பியுங்கள். வரப்போகிறவருடைய புத்தகங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதில் 10 பிரதி வாங்குங்கள். சிறார் நூல்கள் பெரும்பாலும் மெல்லியவை, மொத்தமாகக் கேட்டால் பதிப்பகத்தார் கழிவும் தருவார்கள். 30 பிள்ளைகளுக்கு 10 பிரதி எப்படிப் போதும் என்றால், மூன்று பேருக்கு ஒன்று, மூன்று நாளுக்கு ஒரு வீடு, தெரு வாரியாகப் பிரித்துவிடுங்கள். வாங்கிக்கொண்டு போன புத்தகத்தைக் கேட்டு அடுத்தவள் வாசலில் வந்து நிற்பாள், இவன் இன்னும் நாலு பக்கம் இருக்கு என்பான். அந்தச் சண்டை நல்ல சண்டை, தீர்த்துவைக்கப் போகாதீர்கள்.

இரண்டு சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துக் காட்டுங்கள். அரை மணி நேரம் போதும். கதை சூடு பிடிக்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு "மிச்சம் அடுத்த வாரம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வாரம் நூலகத்தில் அந்தப் புத்தகம் அலமாரியில் தங்காது. நூலகரையே படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. எங்கள் அக்கா முதல் தடவை பாடப்புத்தகம் படிப்பது மாதிரி ஒரே சுருதியில் படித்தார். இரண்டாவது வாரம் கதையில் வந்த கிழவிக்கு அவருடைய மாமியார் குரலைக் கொடுத்துவிட்டார், பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி படிக்க மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்று நடக்கிறதே, அதில் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல பிரிப்பு, பெயரும் அழகு. உங்கள் கூட்டத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னும் 'நுழை'யிலேயே இருக்கலாம், அவனிடம் 60 பக்க நாவலை நீட்டினால் அடுத்த வாரம் வரமாட்டான். அவனுக்குப் படக்கதை கொடுங்கள், ஒரு வார்த்தையும் சொல்லாமல். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இலவசமாகவே இருக்கின்றன, இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். துளிர் மாதிரி சிறார் இதழ்களும், பள்ளிக்கல்வித் துறை வெளியிடுகிற ஊஞ்சல், தேன்சிட்டும் பழைய பிரதிகளாக எங்காவது கட்டுக்கட்டாகக் கிடக்கும், கேட்டு வாங்குங்கள்.

கேள்வியைத் திருத்தாதீர்கள்

ஒரு செருப்புப் பெட்டியில் துளை போட்டு நூலகத்தில் வைத்துவிடுங்கள். படித்துக்கொண்டிருக்கும்போது எழுத்தாளரிடமோ நூலகரிடமோ கேட்கத் தோன்றுவதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டாம். அவ்வளவுதான். இதில் பெரியவர்கள் யாரும் கை வைக்கக் கூடாது.

கை வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிவந்த ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கேள்விகளை அழகாகத் திருத்தி எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, தங்களின் எழுத்துப் பயணத்திற்கு உந்துசக்தியாக விளங்கியது யாது?" என்றது. வந்தவரும் அதே பாஷையில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது.

பெட்டியில் விழுந்த சீட்டுகளில் எனக்கு நினைவிருக்கிற சில: "ஆடு சாகணும்னு நீங்கதான் முடிவு பண்ணீங்களா? வேற வழியே இல்லயா?" "அந்தப் பாட்டிக்கு மட்டும் ஏன் பேரே வெக்கல?" "கதைக்கு எவ்ளோ காசு தருவாங்க?" "இதுல வர்ற அப்பா மாதிரி எங்க அப்பா இல்ல." கடைசியில் உள்ளது கேள்வியே இல்லை. ஆனால் அன்று அந்த எழுத்தாளர் அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு, தன்னுடைய அப்பாவும் அப்படி இல்லை, அதனால்தான் அப்படி ஒரு அப்பாவை எழுதினேன் என்றார். யார் எழுதினது என்று அவர் கேட்கவில்லை. நானும் பின்னால் கண்டுபிடிக்க முயலவில்லை.

நூலகருக்கு விழுகிற சீட்டு இன்னும் சுவாரஸ்யம். "இங்க இருக்குற எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா?" "புத்தகம் தொலைஞ்சா உங்க சம்பளத்துல புடிப்பாங்களா?" "நீங்க ஏன் எப்பப் பாத்தாலும் ஸ்ஸ்ஸ்னு சொல்றீங்க?" இதற்கெல்லாம் நூலகர் பதில் சொல்ல ஆரம்பித்தால், ஏன் சில நூலகங்களில் நல்ல புத்தகமெல்லாம் பூட்டிய கண்ணாடிக்குள் இருக்கிறது, கணக்குக் கேட்பார்களோ என்ற பயம் எப்படிப்பட்டது என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு முன்னாலேயே வெளியே வரும். எங்கள் அக்கா அந்தப் பேச்சுக்கு மறுவாரம் சிறுவர் அலமாரியின் பூட்டைக் கழற்றிவிட்டார். போனது இரண்டே புத்தகம், அதிலும் ஒன்று திரும்பி வந்தது.

ரங்கநாதன் கதையையும் நூலகர் வாயால் சொல்ல வையுங்கள். சீர்காழியில் 1892இல் பிறந்தவர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், ஆரம்பத்தில் அந்த வேலை போரடிக்கிறது என்று திரும்ப வகுப்பறைக்கே ஓடப் பார்த்தவர். 'இந்திய நூலகவியலின் தந்தை' என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடும், போரடித்து ஓடப் பார்த்தார் என்று ஆரம்பித்தால் கேட்கும். அவருடைய பிறந்தநாள் என்று ஆகஸ்ட் 12ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள், சந்திப்புக்கு அது ஒரு நல்ல சாக்கு.

தேதி என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச், ஏப்ரல் வேண்டாம், பரீட்சை. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா, அந்த வாரம் நூலகருக்கு அரசு நிகழ்ச்சிகளே தலைக்கு மேல் இருக்கும், அதற்கு அடுத்த வாரம் வையுங்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை எங்களுக்கு எப்போதும் நன்றாக வந்திருக்கிறது.

அன்றைக்கு

30 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். 40 ஆனால் மைக் வேண்டியிருக்கும், மைக் வந்தால் மேடை வரும், மேடை வந்தால் யாராவது அதில் ஏறிவிடுவார்கள்.

ஜமக்காளத்தை விரித்து வட்டமாக உட்கார வையுங்கள், எழுத்தாளரும் நூலகரும் அதே வட்டத்தில். முட்டி வலி உள்ளவர் என்றால் முக்காலி ஒன்று போடலாம், உயரமான நாற்காலி வேண்டாம். மின்விசிறி சத்தம் போடுமா என்று முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள். பழைய விசிறி ஒன்று கடகடவென்று ஓடினால் பிள்ளைகள் பேசுவது ஒன்றும் கேட்காது. குடிதண்ணீர் இருக்கிறதா, பெண் பிள்ளைகள் போகிற மாதிரி கழிப்பறை இருக்கிறதா, இல்லையென்றால் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டு வைப்பது என்பதை மறக்காமல் பாருங்கள். பல சின்ன நூலகங்களில் இது உண்மையான பிரச்சினை. தின்பதற்குச் சுண்டல், கடலை மிட்டாய். கிரீம் பிஸ்கட் கொடுத்து, புத்தகத்திலெல்லாம் விரல் தடம் பதிந்து, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான்.

மொத்தச் சந்திப்பும் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவது வழக்கமென்றால் பாடிவிட்டு, வரவேற்புரையை "இவங்கதான் அவங்க, உங்க பெட்டியில இருந்த சீட்டை எல்லாம் கொண்டு வந்திருக்கேன்" என்ற அளவில் முடித்துவிட்டு நேராக உள்ளே போய்விடுங்கள். எழுத்தாளர் பத்து நிமிடம் தன் கதையிலிருந்து ஒரு பகுதியைப் படிக்கட்டும். அடுத்து, நூலகர் எழுத்தாளரிடம் இரண்டு கேள்வி, எழுத்தாளர் நூலகரிடம் இரண்டு கேள்வி. இதைக் கட்டாயம் வையுங்கள், பெரியவர்கள் இரண்டு பேர் தங்களுக்குள் புத்தகத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டுக்கொள்வதைப் பிள்ளைகள் வேறு எங்கே பார்க்கும்? சின்ன வயதில் ஒளித்து வைத்துப் படித்த புத்தகம் எது என்று கேட்கச் சொல்லுங்கள். ஐம்பதைத் தாண்டியவராக இருந்தால் அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர் என்று கிளம்பிவிடுவார், கொஞ்ச நேரத்தில் மாட்டுக் கொட்டகையில் திட்டு வாங்கியது வரைக்கும் வரும். மீதி நேரம் முழுக்கப் பெட்டிக்கு.

கவுன்சிலரோ ஊர்ப் பெரியவரோ வந்துவிட்டால்? வருவார்கள். விரட்டவும் முடியாது, அவர்கள் தயவு நமக்கு வேண்டும். வட்டத்தில் இடம் கொடுத்து உட்கார வைத்து, "ஐயா, நீங்க படிச்ச முதல் கதை என்னங்க?" என்று ஒரு பிள்ளையை விட்டுக் கேட்க வையுங்கள். அரை மணி நேரம் பேசத் தயாராக வந்தவர் ஒருவர், இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அவருடைய ஆத்தா சொன்ன நரிக்கதையைச் சொல்லி உட்கார்ந்தார். அன்றைக்கு வந்ததிலேயே நல்ல கதை அதுதான் என்று எழுத்தாளரே சொன்னார்.

பேச்சு நின்றுபோனால்

நிற்கும். கேள்வி கேட்டதும் பிள்ளைகள் உடனே பதில் சொல்லவில்லையென்றால் நமக்குப் பதறும், "சொல்லுங்கம்மா, சொல்லுங்க, இவ்ளோ தானா?" என்று தள்ளுவோம். வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழாவதில் யாராவது பேசிவிடும். எல்லாவற்றுக்கும் கை தூக்குகிற பையன் ஒருவன் எல்லாக் கூட்டத்திலும் உண்டு, அவனைச் சீட்டு எடுத்துக் கொடுக்கிற வேலையில் போட்டுவிடுங்கள். வாயே திறக்காத பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எழுத்தாளர் உபதேசத்தில் இறங்கிவிட்டால் தடுப்பது உங்கள் பொறுப்பு. பெட்டியைக் குலுக்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்: சீட்டுகள் சலசலக்கிற சத்தம் கேட்டால் பிள்ளைகள் எல்லாம் பெட்டியைத் திரும்பிப் பார்க்கும், பேசுகிறவருக்கும் புரிந்துவிடும்.

படம் எடுப்பது பற்றிச் சுருக்கமாக. பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் அந்தப் பிள்ளை வராத கோணத்தில் எடுங்கள். பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு எதையும் படத்தோடு போட வேண்டாம். வந்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பிள்ளைகளோடு தனியே விடுவதில்லை என்பதை எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக வைத்துக்கொண்டால் யாருக்கும் வருத்தம் வராது.

முடிந்த பிறகு

உறுப்பினர் படிவங்களை முந்தின வாரமே வாங்கி, வீட்டில் கையெழுத்துப் போட வைத்து, அன்றைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். சந்திப்பு முடிந்ததும் பிள்ளை கையில் அட்டையும் ஒரு புத்தகமுமாகப் போக வேண்டும். "அடுத்த வாரம் வந்து சேர்ந்துக்கோங்க" என்று விட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள், வீட்டில் யாருக்கு நேரம்?

நூலகத்துக்கு வர முடியாத பிள்ளைகள் இருக்கிற தெரு ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும். பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அடுத்த சந்திப்பை அந்தத் தெருவில் வையுங்கள், நூலகரையும் ஒரு பை புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு. மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் 1931இல் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார். நமக்கு டிவிஎஸ் ஃபிஃப்டி போதும்.

வந்து போன எழுத்தாளருக்குப் பிள்ளைகளை ஆளுக்கொரு அஞ்சலட்டை எழுதச் சொல்லுங்கள். நன்றிக் கடிதம் என்று சொல்லாதீர்கள், கேட்க விட்டுப்போன கேள்வியை எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு முறை பதிலாக 22 அட்டை வந்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாக, நூலக முகவரிக்கு. தபால்காரர் அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் கொண்டு வந்தார் என்பது அவர் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. ஆடு ஏன் செத்தது என்று அவருக்கும் தெரிய வேண்டுமாம், அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம், ஜமக்காளத்தை மறுநாளே உதறித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அத்தை என்னிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.